அறுபத்திரண்டாவது புகார்

"புகாரை வாபஸ் வாங்கமாட்டேன் தம்பி. எங்க கெணத்துல தண்ணி முப்பது அடியில கெடக்கு. ஒங்க சாப்ட்வேரு இருபதுங்குது."

செங்கமலம் அம்மாள் நிலக்கடலையை உரித்தபடியே சொன்னார். எழிலரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டான். புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அவன் வந்ததே இவரிடம் கெஞ்சத்தான்.

கிணற்று நீர் எவ்வளவு இறங்கும் என்று ஊர்வாரியாக முன்கூட்டியே சொல்லும் சாப்ட்வேர் அது. ஆராய்ச்சிக்கு வந்த பணம் மூன்றே வருடத்தில் தீர்ந்துபோனது. கூடச் சேர்ந்து அதை எழுதியவர்கள் வேலை கிடைத்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அதற்கப்புறம் மூன்று வருடமாக எழிலரசன்தான் டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொண்டே அதைக் கட்டிக்காக்கிறான்.

இதுவரை வந்த புகார் அறுபத்திரண்டு. அத்தனையும் இந்தப் புண்ணியவதி அனுப்பியதுதான். எழுத்து பொடிசாக இருக்கிறது, ஊர்ப் பெயர் தப்பு, போனில் திறக்கவில்லை என்று வந்த அறுபத்தொன்றையும் சரிசெய்துவிட்டான். கடைசியாக வந்த கிணற்றுப் புகார்தான் மல்லுக்கு நிற்கிறது.

"நாளைக்குக் கவர்மெண்ட் பெரிய ஆபீஸ்ல மீட்டிங்மா. சாப்ட்வேர் ஓடுறதுக்குத் தொடர்ந்து சர்வர் குடுக்கிறதா, நிப்பாட்டுறதானு முடிவு பண்றாங்க. இந்த நேரம் பாத்து ஒங்க புகாரு தீராம நிக்குது. நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன், தப்பு எங்கன்னே தெரியல."

"தெரியாது."

"ஆறு வருஷ உழைப்பும்மா." அவன் கெஞ்சினான். "மூடிட்டா அவ்வளவுதான். மறுபடி ஆரம்பிக்க என்னால ஆகாது."

"அதுக்குத்தான் சொல்றேன், வாபஸ் கெடையாது."

இதென்ன பிடிவாதம் என்று அவனுக்குக் கண் கலங்கியது. "அந்தக் கெணத்தையாவது காட்டுங்க. நானே கயிறு விட்டு அளந்து பாத்துட்டுப் போறேன்."

அம்மாள் கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தார். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் முப்பது வருஷம் கவர்மெண்ட் ஆபீஸ்ல பைல் பாத்தவ தம்பி. புகாரே வராத பைலைத் தூக்கிப் பரண்ல போட்ருவாங்க. தீராத புகார் ஒண்ணு உள்ள இருந்தா, மூடுறதுக்கு எந்த ஆபீசரும் கையெழுத்துப் போடமாட்டாரு. இந்த ஊரே ஒங்க சாப்ட்வேரைப் பாத்துத்தான் கடலை போடுது. நீங்க என்னடான்னா, அறுபத்தொரு புகாரையும் டக்கு டக்குனு தீத்துப்புட்டீங்க. அதான், யாராலயும் தீக்க முடியாததா ஒண்ணு போட்டேன். எனக்கு ஏது தம்பி கெணறு?"