நார்க்கயிறு

"இன்னைக்காவது அழுதாளா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி பார்ப்.

"ஒரு சொட்டுகூட இல்லை," என்றாள் லினெட், ஈரத் துணியை உதறிக்கொண்டே.

"கொடுத்து வச்சவ நீ. எங்க வீட்டு வாண்டு ரெண்டையும் இவகிட்ட டியூஷனுக்கு அனுப்பணும்."

லினெட் சிரித்து வைத்தாள். ஆறு வயது மீரே, கிரிபாட்டித் தீவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வார்னம்பூலில் உள்ள இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. எழுந்ததும் போர்வையை மடித்து வைக்கிறாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறாள். உப்புக் கரிக்கும் வெஜிமைட்டைக்கூட முகம் சுளிக்காமல் ரொட்டியோடு விழுங்கிவிடுகிறாள். அவள் பேச்சு இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேச்சு அவளுக்குப் புரியாது. கையைப் பிடித்தால் பிடிக்க விடுவாள். கட்டிப்பிடித்தால் மட்டும் மரக்கட்டை மாதிரி நிற்பாள்.

எட்டு வருஷம் படிவம் படிவமாக நிரப்பிக் காத்திருந்து தத்தெடுத்த பிள்ளை. அந்தக் குட்டிக் கைகள் ஒரே ஒரு தடவை தானாக வந்து தன் கழுத்தைக் கட்டிக்கொள்ளாதா என்று லினெட் ஏங்கிப்போய்விட்டாள்.

"அவசரப்படாதே," என்றான் அவள் கணவன் கிரெய்க், சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே. "ஃபைல்ல படிச்சேல்ல? அவ அம்மா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அநாதை விடுதியில வளர்ந்த பொண்ணு. கொஞ்ச நாள் ஆகும்."

"பையைக்கூடப் பிரிக்க மாட்டேங்கிறா, கிரெய்க். அவளுக்குன்னு ஒரு அலமாரியையே காலி பண்ணி வச்சிருக்கேன்."

"மத்தியானம் தெரேஷியா வர்றாங்கல்ல, கேட்டுடுவோம்."

தெரேஷியா முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். மீரேயின் தீவுக்காரி. இந்த ஊரில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள். அவளுக்கு இன்றுதான் விடுமுறை கிடைத்திருந்தது.

மீரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தன் கயிற்றை நோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு முழம் தேங்காய் நார்க்கயிறு, பாதிக்கு மேல் முடிச்சு. ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே விளையாட்டுச் சாமான் அதுதான். தினமும் காலையில் அதைக் கையில் எடுத்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும். நேற்றுக் குளியல் தொட்டியில் நனைந்ததில் இன்று முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துப் பார்த்தாள். விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம்.

"இங்க கொடு கண்ணு." லினெட் ஒரு முள்கரண்டியை எடுத்துக் குத்தி நெம்பினாள். முடிச்சு அவிழ்ந்தது. "அடக் கடவுளே, இன்னும் எத்தனைதான் இருக்கு இதுல?" என்று அடுத்ததிலும் கரண்டியைச் செருகினாள்.

மீரே திடுக்கிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயப்படாதே. அம்மா இருக்கேன்ல? எல்லாத்தையும் எடுத்துடுறேன்."

லினெட்டின் சிரித்த முகத்தைப் பார்த்து, மெல்லக் கையை எடுத்தாள் குழந்தை. ஒவ்வொரு முடிச்சாக அவிழ அவிழ அவள் கண்கள் விரிந்துகொண்டே போயின. கடைசி முடிச்சும் அவிழ்ந்ததும் வீடே அதிரக் கத்தினாள். நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து லினெட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள்.

"கிரெய்க்! இங்க பாரேன், கிரெய்க்!" லினெட் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கிரெய்க் வெண்ணெய்க் கத்தியும் கையுமாக நின்று அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதற்குள் மீரே உள்ளே ஓடிவிட்டாள். திரும்பி வந்தபோது மஞ்சள் கவுன், எண்ணெய் வழியும் தலை, முதுகில் பை. நேராக வாசலுக்குப் போய்த் தபால் பெட்டிக்குக் கீழே கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"மகாராணிக்கு ஊர் சுத்தணுமாம்!" கிரெய்க் போனில் படம் பிடித்தான். "தெரேஷியா வந்துட்டுப் போகட்டும். கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய் மீனும் சிப்ஸும் வாங்கித் தர்றேன்."

அன்று லினெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்தாள்.

மத்தியானம்வரை மீரே அந்தக் கல்லை விட்டு எழவேயில்லை. தெரேஷியாவின் குரலில் தன் மொழியைக் கேட்டதும் மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்தாள். தெரேஷியா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஏதோ கேட்டாள். பதில் வந்ததும் குழந்தையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைப் பத்தி என்ன சொல்றா?" லினெட்டால் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்றா. விருந்தாளியை நல்லா கவனிச்சுக்கிட்டீங்களாம்."

"விருந்தாளியா?"

"ஒரு முடிச்சுக்கு ஒரு நாளாம். இன்னும் பதினோரு நாள் பாக்கி இருந்துச்சாம். நீங்க எல்லாத்தையும் இன்னைக்கே அவிழ்த்துட்டீங்களாம்."

"எனக்குப் புரியல, தெரேஷியா."

தெருவில் ஒரு கார் வந்தது. மீரே துள்ளி எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

தெரேஷியா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"'கடைசி முடிச்சு அவிழுற அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லி, இவ விமானம் ஏறின அன்னைக்குக் காலையில இந்தக் கயித்தை இவ கையில கொடுத்தது இவ அம்மாவாம்."