மரியாதைச் சொட்டு

பெண் பார்க்க வருகிறார்கள். சபையில் வயிறு மானத்தை வாங்கக் கூடாதென்று தெய்வசிகாமணி காலையிலேயே வீட்டில் எல்லோருக்கும் மரியாதைச் சொட்டு கொடுத்துவிட்டார். அதிலுள்ள குட்டி ஆர்.என்.ஏ., குடலில் வாழும் ஆர்க்கியா நுண்ணுயிர்களின் வாயு மரபணுவுக்கு வாய்ப்பூட்டு போட்டுவிடும்.

சொட்டு கழிவறை வழியாகப் பின்கட்டுத் தொட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. அடுப்புக்கு வாயு தருவதும் அந்தத் தொட்டியில் வாழும் ஆர்க்கியாதான்.

வாசலில் கார் வந்து நின்றது. "ஏனுங்க, அடுப்பு எரியமாட்டேங்குது!" என்றாள் மனைவி ருக்குமணி, கையில் பஜ்ஜி மாவோடு.

தெய்வசிகாமணி கூடத்தில் கையைப் பிசைந்தார். "தப்பா நெனைக்காதீங்க. காப்பிகூடப் போட முடியலீங்க."

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் தொங்கிப்போனது. "உங்க பஜ்ஜிய நம்பித்தானுங்க பட்டினியா வந்தோம். காலையிலிருந்து எங்கூட்டு அடுப்பும் எரியலீங்க."

மாப்பிள்ளையின் வயிறு பசியில் சபையே கேட்க இரைந்தது. உள்ளறையிலிருந்து பெண்ணின் வயிறு பதில் சொன்னது.