கூடுதலாக ஒரு புரதம்

"கட்டுரையில எம் பேரு மட்டும் போதும். கண்டுபிடிச்சது நான்லா," என்றார் பேராசிரியர் குற்றாலலிங்கம். "உம் பேரைக் கடைசியில நன்றி சொல்லுத எடத்துல போட்டுருதேன்."

ஷஃபீகா அவருடைய ஆய்வு மாணவி. கட்டுரையில் பேர் வந்தால்தான் பிஎச்.டி. கிடைக்கும். நாலு வருஷமாக மேலப்பாளையம் கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து அரைத்தவள் அவள். செல் மூச்சு விட உதவும் நொதியை அதிலிருந்து பிரித்து, அதற்குள் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று ஜெல்லில் ஓட்டி, புரதத்துக்கு ஒரு கோடாகப் பிரித்துப் பார்த்தவளும் அவள்தான்.

சார் சுத்த சைவம். இதயம் அரைபடும்போது அந்தப் பக்கமே வர மாட்டார். எல்லாம் தெளிந்து குழாயில் இறங்கிய பிறகு வந்து, அதன்மேல் குனிந்து, தலையைச் சொறிந்தபடி ஆழ்ந்து யோசிப்பார். கையுறையும் முகமூடியும் அவளுக்கு மட்டும்தான் கட்டாயம்.

புத்தகத்தில் உள்ளதைவிட ஒரு கோடு கூடுதலாகத் தெரிந்தது. அவ்வளவுதான், புதுப் புரதம் என்று நிருபர்களைக் கூப்பிட்டு அல்வா கொடுத்து, கட்டுரையையும் அனுப்பிவிட்டார்.

அந்தக் கோட்டை வெட்டி வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. படித்ததும் சாரின் முகம் சுண்டிப்போனது.

"மனுசத் தோல்ல உள்ள புரதம்னு எழுதியிருக்கான். ஏம்மா, கையுறை ஒழுங்கா போடுதியா இல்லியா?"

"போடுதேன் சார்."

"என்னத்தப் போட்ட. சரி, கட்டுரையில எம் பேரை எடுத்துட்டு உம் பேரையே போட்டுருவோம். எவனும் கேட்டா நீயே பதில் சொல்லு."

எவ்வளவு பெரிய மனசு.

ஷஃபீகா ஆய்வக நோட்டைப் பைய விரித்தாள்.

"இங்கன பாருங்க சார். நீங்க குற்றாலத்துக்குக் குளிக்கப் போன வாரம் மூணு தடவை ஓட்டினேன். அதுல அந்தக் கோடு இல்ல. நீங்க வந்து குனிஞ்சு பாத்த நாள்ல எல்லாம் இருக்கு."

தலைக்குப் போன சாரின் கை பாதியில் நின்றது.

"மத்த புரதம் எல்லாம் சரியா வந்திருக்கு. அதைத் தனிக் கட்டுரையா எம் பேருல எழுதிட்டேன், ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. அந்தப் புதுப் புரதத்துக்கு உங்க பேரே இருக்கட்டும் சார்," என்றாள் பணிவாக. "அது உங்க பொடுகுதான்."