கத்தினால்தான் மாத்திரை

அம்மாவின் மூட்டுத் தேய்மானத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். வலியில் கத்தும் குரல் கேட்டால்தான் அது மாத்திரை போடும். நடித்தால் கண்டுபிடித்துவிடும். நம் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒன்றும் தெரியாத எவனோ செய்தது.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டே மாடிப்படி ஏறுவாள்.

“வாயைத் திறந்து கத்தித் தொலையேம்மா.”

“கீழ் வீட்ல உன் அத்தை இருக்கா. கேட்டான்னா, வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னு தெரு பூரா சொல்லுவா.”

ஒரு நாள் அப்பா முக்காலியில் கால் விரலை இடித்துக்கொண்டு வீடே அதிரும்படி அலறினார். “ஐயோ தம்பி!” என்று அத்தை தைலத்தோடு ஓடி வந்தாள். பெட்டியும் உடனே மாத்திரை போட்டது. அம்மா அதை எடுத்து விழுங்கினாள். அன்று மாலை முகம் சுளிக்காமல் படியேறினாள்.

மறுநாளிலிருந்து முக்காலி தினமும் அப்பா நடக்கிற வழிக்கு வந்தது. ஓரமாக வைக்கப் போன என் கையை அம்மா தட்டிவிட்டாள்.

கடைசியில் அப்பா வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “அடியே, உன் வலிக்கு நீயே கத்தேன்டி!”

அம்மா நிதானமாகப் பெட்டியிலிருந்து மாத்திரையை எடுத்தாள்.

“நீங்க இருக்கும்போது நான் எதுக்குங்க கத்தணும்?”