எண்ணெய் இல்லாத கிண்ணம்

எருத்தேன்பதியின் உச்சி வெயில் அடுப்படி ஜன்னலில் வந்து நிற்கிறது. அடுப்பின் மேல் இரண்டு கோழிக்கறி. இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் சேர, தோலோடு சுருண்டு வறுபடும் கறி வீட்டுக்கு. தோலுரித்து, இஞ்சியும் மிளகும் மட்டும் போட்டுக் குக்கரில் வெந்திருப்பது ராமாத்தாளுக்கு. போன வாரம் ரத்தம் பார்த்ததில் அவளுக்குக் கொழுப்பு கூடுதல். மகன் கோபிநாத் செல்போனில் பார்த்துப் பார்த்து அக்கறையாகச் சமைத்திருக்கிறான். "அம்மா, இதுல ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. ருசியும் குறையாது," என்று கிண்ணத்தை நீட்டுகிறான்.

வெளுத்த துண்டுகளின் மேல் ஆவி ஆடுகிறது. கூடத்தில் அவள் கணவர் மயில்சாமி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து செருமுகிறார். முப்பது வருடமாக ஈரல் அவருக்கு, தொடை பிள்ளைக்கு. சட்டியடியில் மிஞ்சும் கழுத்தும் முதுகெலும்பும் அவளுக்கு. ராமாத்தாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய் அவர் தட்டருகே வைக்கிறாள். "ஏனுங்க, இத நீங்க சாப்புடுங்க. உங்க ரத்தத்த இன்னும் ஒருத்தரும் பாக்கலீங்க." அவர் கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார். அவள் திரும்பி வந்து சட்டியைக் கிளறி, மினுமினுக்கும் தொடையையும் ஈரலையும் தன் தட்டில் எடுத்துப் போட்டு, அடுப்படித் தரையிலேயே சம்மணமிட்டு உட்காருகிறாள்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சாம்மா?"

தொடைக்கறியைப் பிய்த்துக்கொண்டே அவள் நிமிர்கிறாள். "கழுத்தத் தின்னே ஏறுன கொழுப்பு, கண்ணு. ஒரு நாளைக்குத் தொடையத் தின்னு பாக்கறேன், எறங்குதான்னு."