ஒரு துண்டு நெய்மீன்

கரண்டி நுனியில் ஒரு துண்டு நெய்மீன். எண்ணெய் சொட்டுகிறது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருடமாயிற்று. ஆழ்கடலுக்குப் போன கிறிசாந்து திரும்பாதபோது, குருசடியில் சிலுவைமுன் மண்டியிட்டு நேர்ந்துகொண்டாள். புருஷன் கரை சேரும்வரை மீனை வாயில் வைக்கமாட்டேன்.

வீட்டில் யாரும் அழவும் இல்லை. அழுதால் அவன் இல்லை என்றாகிவிடுமே.

படகுச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள்.

இந்த மீன் ஊறுகாய் அவள் கைப்பக்குவம். நாற்பது நாள் கடலிலேயே கிடக்கும் தங்கலுக்கு அவனுக்குப் போட்டுக் கொடுத்தது. இப்போது கொட்டகையில் பன்னிரண்டு பெண்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. அவள் கிளறுவாள். கிறிசாந்தின் அக்கா பிரிஜித்தாள் ருசி பார்ப்பாள்.

பாழாய்ப்போன காய்ச்சல் பிரிஜித்தாளுக்கா வர வேண்டும்! நாக்கில் ஒன்றும் உறைக்கவில்லை.

போன மாதம் பிரிஜித்தாள் தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, மற்றவர்கள்தான் ருசி பார்த்தார்கள். பிரமாதம் என்று தலையாட்டினார்கள். உப்புக் குறைந்து, அத்தனை பாட்டிலும் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அப்படியானால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

நாளைக் காலை வண்டி வரும்.

ருசி பார்க்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள்.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

குமட்டும், தொண்டை அடைக்கும் என்றுதான் நினைத்தாள். எங்கே! வெட்கங்கெட்ட நாக்கு, ருசித்தது. இன்னும் கேட்டது.

மென்றாள். விழுங்கினாள்.

"உப்பு பத்தாது மைனி" என்றாள் பிரிஜித்தாளிடம்.

ஒவ்வொரு தங்கலுக்கும் கிளம்பும்போது அவன் சொல்கிற அதே வார்த்தை.

உப்பை ஒரு கை அள்ளிப் போட்டுக் கிளறினாள். அடிப்பிடிக்காமல், வெகுநேரம் கிளறினாள்.

மதியம் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஊறுகாய்க்கு அறுத்த மீனின் தலைகள் குழம்பாகியிருந்தன. பிரிஜித்தாள் வழக்கம்போல் அவள் பக்கம் பருப்புக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

அவள் தட்டை நீட்டினாள்.

"எனக்கும் ஒரு துண்டு வைங்க மைனி."

பிரிஜித்தாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சட்டியைத் துழாவி, இருப்பதில் பெரிய துண்டாக எடுத்து வைத்தாள்.

வைத்த கையோடு, தம்பி பேரைச் சொல்லி, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.