ஏழாம் எண் செல்

"அந்த அளவு தப்பு. திரும்ப அளங்க!"

யூன்சில் எழுந்து நின்று இப்படிச் சொன்னதும், தேஜான் நகர ஆய்வுக்கூடத்தில் காபி உறிஞ்சிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குவாண்டம் புள்ளி சோலார் செல் போட்டியின் முடிவு அப்போதுதான் வெளியாகியிருந்தது. ஏழாம் எண் செல்லுக்கு முதலிடம். விழுந்த வெளிச்சத்தில் ஒன்பது சதவீதத்தை மின்சாரமாக்கியிருந்தது.

எந்த எண் எந்தக் குழுவுடையது என்று யாருக்கும் தெரியாது. ஒரே கல்லூரி, சீனியர், ஜூனியர் என்று பாசம் பொங்கிவிடும் ஊர் அது. அதனால் பேராசிரியர் பியோன் யாருக்கும் சொல்லாமல் தானே எண் ஒட்டியிருந்தார்.

"என்னம்மா தப்பு?" என்றார் பியோன்.

"ஏழாம் நம்பரை மாஸ்க் இல்லாம அளந்திருக்கீங்க, ஐயா. முடிவுத் தாள்ல அதுக்கு மட்டும் மாஸ்க் அளவு போடலை."

மாஸ்க் என்பது நடுவில் ஓட்டை போட்ட கறுப்புத் தகடு. அதை வைத்தால் செல்லின் மேல் மட்டும் வெளிச்சம் விழும். வைக்காவிட்டால் கண்ணாடி ஓரத்திலிருந்தும் வெளிச்சம் புகுந்து, இல்லாத திறமையை இருப்பதாகக் காட்டும்.

"அனுப்பினவங்க மாஸ்க் வைக்கலையே. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு சைஸ். நான் எங்கே போவேன்?"

தோங்சிக் சிரித்தார். போன முறை முதலிடம் அவருடைய குழுவுக்குத்தான். இந்த முறையும் வேறு யாருக்குப் போகும் என்ற தெனாவட்டு அவருக்கு.

"எங்க பசங்க அவசரத்துல மறந்திருப்பானுங்க, ஐயா. யூன்சில், வயிறு எரிஞ்சா பார்லித் தண்ணி குடி. முதலிடம் வரலைன்னா உங்க லேபுக்குப் பூட்டாமே? அதான் இந்தக் கூச்சலா?"

"ஆமா சீனியர், பூட்டுதான். கண்ணாடியில வெள்ளைப் பூச்சு தேய்ச்சு, சூளையில சுட்டு, காட்மியம் தண்ணியிலயும் கந்தகத் தண்ணியிலயும் மாத்தி மாத்தி முக்கி வளர்த்த லேபு. அழுகின முட்டை நாத்தம்னு பஸ்ல என் பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. அதுக்காக ஓரத்து வெளிச்சத்துல வந்த நம்பருக்குக் கை தட்டணுமா? என்னால முடியாது!"

அவள் உட்காரவில்லை. பையைத் துழாவி ஒரு கறுப்புத் தகட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை வெச்சு அளங்க, ஐயா."

விளக்கு எரிந்தது. திரையில் எண் ஏறி, ஆறில் நின்றுவிட்டது. ஏழாம் எண் நான்காம் இடத்துக்குச் சரிந்தது.

"கெடுத்துட்டியே, பாவி! இப்ப மனசு குளிர்ந்துச்சா?" தோங்சிக் மேசையைக் குத்தினார்.

யூன்சிலின் கண்கள் நிறைந்துவிட்டன. அவள் தலையைக் குனியவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பியோன் தகட்டைத் தூக்கி, மறுபடி செல்லின் மேல் வைத்துப் பார்த்தார். மயிரிழை கூடப் பிசகவில்லை.

"ஏம்மா, அளவெடுத்து வெட்டின மாதிரி உக்காருதே?"

"அளவெடுத்துதான் வெட்டினேன், ஐயா. செல்லை அனுப்புறப்போ பெட்டிக்குள்ள வைக்கத்தான் மறந்துட்டேன்."